அண்டை வீட்டாரைப் பற்றி ஒரு துணைப்பாடம்

(இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு மாணவர் ஒருவர்)

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை வத்தலக்குண்டிலிருந்து என் தந்தைக்குச் செய்தி வந்தது. மண்டிக்கார ராவுத்தர் காலமாகிவிட்டார். கீழ்மலையில் எங்கள் தோட்டத்துக் காப்பிக்கும் மிளகுக்கும் வாழைத்தாருக்கும் முப்பது ஆண்டுகளாக விலை சொன்னவர் அவர். என் தந்தை அவரை 'மாமா' என்று அழைப்பார். அவர் என் தந்தையை 'மாப்பிள்ளை' என்பார். என் அக்காளின் திருமணத்திற்கு முன்பணம் கேட்டுப் போனபோது பத்திரமோ கையெழுத்தோ கேட்காமல் இரும்புப் பெட்டியைத் திறந்தவர். அப்படிப்பட்டவரின் சாவுக்குத் தந்தையால் போக முடியவில்லை. கடும் காய்ச்சல். நான் புறப்பட்டேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் நல்ல ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் கூட்டம். மாலையை எங்கே போடுவது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் அருகில் வந்து, "தம்பி மலையிலேருந்து வர்றீகளா? அதை இங்கிட்டுக் கொடுங்க, நான் வச்சிருக்கேன். நீங்க உள்ளே வாங்க" என்று மாலையை வாங்கித் திண்ணை ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தார். அவர்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு மாலை இடுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பள்ளிவாசலுக்குப் போனபோது உள்ளே போகலாமா, வெளியே நிற்க வேண்டுமா, தலையில் கைக்குட்டை கட்ட வேண்டுமா என்று ஒன்றும் விளங்கவில்லை. வெளியிலேயே நின்று பார்த்தேன். அந்தத் தொழுகையில் குனிவதும் நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை, நின்றபடியே முடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அடக்கத்தின்போது ஒவ்வொருவரும் மூன்று கைப்பிடி மண் இட்டார்கள். நானும் இட்டேன். அது மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

முப்பது ஆண்டு உறவு. அதற்கு மேல் நான் வரலாறு படிக்கும் மாணவன்! பேருந்தில் மலையேறித் திரும்பும்போது வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறக்கிறது. இஸ்லாத்தையும் முஸ்லிம் சமுதாயங்களையும் பற்றி நம் கல்லூரியில் ஒரு துணைப்பாடம் வேண்டும் என்பது என் கருத்து. அரபிக் கல்லூரியில் கற்பிப்பதைப் போன்று சமயக் கல்வியாக அன்று. வரலாறாக, இலக்கியமாக, சமுதாயவியலாக.

நம் பாடத்திட்டத்தில் முஸ்லிம்களே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறார்கள், குதிரைமீது, வாளோடு இருக்கிறார்கள். 712-இல் முகம்மது பின் காசிமோடு சிந்துவில் நுழைகிறார்கள். 1526-இல் பானிபட்டில் வெல்கிறார்கள். 1707-இல் ஔரங்கசீப் கண்மூடியதும் நம் பக்கங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போகிறார்கள். அடுத்த முறை தேசப் பிரிவினைப் பாடத்தில்தான் தலைகாட்டுகிறார்கள். மிளகை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்து விலை சொல்லும் முஸ்லிம் எந்த அலகிலும் இல்லை. பேகம்பூரில் தோல் பதனிடுபவர் இல்லை. கோடைக்கானல் கடைத்தெருவில் கம்பளிச் சட்டை விற்பவர் இல்லை. இவர்களெல்லாம் வரலாற்றுக்கு வெளியே நிற்கிறார்களா, அல்லது நம் பாடநூல்தான் வெளியே நிற்கிறதா?

குதிரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'இராவுத்தர்' என்ற சொல்லுக்குக் குதிரை வீரன் என்பது பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து இங்கே கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த வணிகத்தோடும் படையோடும் ஒட்டிய பெயர் இது. ஆனால் நம் பழனியாண்டவரைப் பாடிப் பாடி உருகிய அருணகிரிநாதர், கந்தர் அலங்காரத்தில், மயிலேறும் முருகனையே 'இராவுத்தன்' என்று அழைக்கிறார்! படியேறும் அடியார்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லில் நின்று யோசித்திருப்பார்கள்? குதிரை வீரனைக் கண்டு ஊரெல்லாம் வியந்த காலத்தில், தன் தெய்வத்துக்கு அதைவிடக் கம்பீரமான பெயர் கவிஞருக்குக் கிடைக்கவில்லை போலும். எங்கள் மலையில் வெள்ளகவியைப் போல் நெடுங்காலம் சாலை இல்லாதிருந்த ஊர்களில், விளைச்சல் குதிரையின் முதுகில்தான் பெரியகுளம் பக்கம் இறங்கியது. குதிரையின் அருமை மலைக்காரனுக்குத் தெரியும்.

சொற்களைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் தங்கள் சமயத்தின் அடிப்படையான செயல்களுக்கு அரபுச் சொல்லைத்தான் கையாண்டிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். அவர்களோ தொழுகை என்றார்கள், நோன்பு என்றார்கள், பெருநாள் என்றார்கள். வழிபடும் இடத்தைப் 'பள்ளி' என்றார்கள். அந்தச் சொல் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்துக்கு வழங்கியது. அவர்கள் அங்கே கல்வி கற்பித்ததால் நாம் படித்த இடத்துக்கும் பெயராயிற்று. பின்னர் பள்ளிவாசலுக்கும் ஆயிற்று. மூன்று சமயங்கள் தங்கிச் சென்ற ஒரே சொல். ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் தந்தையை 'அத்தா' என்கிறார்கள். வகுப்பில் ஒரு நண்பன் அதை உருதுச் சொல் என்று அடித்துச் சொன்னான். தேவாரத்தில் சிவபெருமானை அழைக்கும் சொல் அது என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் சொன்ன பிறகுதான் அடங்கினான்.

இலக்கியத்துக்கு வந்தால் நம் அறியாமை இன்னும் பெரிது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் என்று பள்ளி நாட்களில் இரண்டு செய்யுள் படித்தோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள் கொண்ட ஒரு பெருங்காப்பியம் என்பது மதிப்பெண்ணுக்காக மனப்பாடமான செய்தி. இந்த விடுமுறையில்தான் நாட்டுப் படலத்தை முழுவதும் படித்தேன். பாடப்படுவது அரபு நாடு. ஆனால் மேகம் கடல்நீரை முகந்து வந்து மலைமீது பொழிகிறது, வெள்ளம் இறங்குகிறது, வயல் விளைகிறது! எட்டயபுரத்துக் கரிசலில் வாழ்ந்த புலவர், நபிகள் பிறந்த நாட்டுக்குத் தமிழ் நாட்டின் மழையையே அனுப்பிவைத்தார். காப்பிய மரபு அப்படி, நாட்டு வளம் பாடாமல் காப்பியம் தொடங்காது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், உண்மைதான். இருந்தாலும் மார்கழிப் பனியில் தாண்டிக்குடிச் சரிவில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, பாலைவனத்தைப் பாராத ஒருவர் தம் அன்புக்குரிய நாட்டைத் தாம் அறிந்த செழிப்பால் நிறைத்தார் என்றே எனக்குத் தோன்றியது.

அதற்கும் முன்னே, 1572-இல், வண்ணப்பரிமளப் புலவர் 'ஆயிர மசலா' பாடினார். யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டுத் தெளிவதாக அமைந்த நூல். இதே கதை அரபியிலிருந்து மலாய், ஜாவா மொழிகளுக்கும் போயிற்று. ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை அருகருகே வைத்து ஆராய்ந்து 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக நூல் வெளியிட்டார். நம் தமிழ் நூலைப் படிக்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு வருகிறார். நாம் அந்நூலின் பெயரையும் கேட்டதில்லை.

எங்கோ இருக்கும் சிகாகோ எதற்கு? மலையிலிருந்து இறங்கினால் சில மணி நேரத்தில் மதுரை. அங்குள்ள காமராசர் பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியிலேயே இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை ஏற்பட்டது. அதன் முதல் பேராசிரியராக இலங்கையிலிருந்து வந்தவர் ம. மு. உவைஸ். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றி முதுகலைப் பட்டத்துக்காக ஆராய்ந்து, அதை 1953-இல் ஆங்கில நூலாக வெளியிட்டவர். பின்னர் பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். 1973-இல் திருச்சியில் இத்துறைக்கென ஒரு மாநாடே கூடியிருக்கிறது. ஆகவே நான் கேட்பது புதுமையன்று. முன்னோர் நட்டுத் தண்ணீர் ஊற்றிய கன்றிலிருந்து ஒரு பதியன் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன் எழும் முதல் மறுப்பு, "அரசுக் கல்லூரியில் மதப் பாடமா?" என்பது. விடுதியில் இரவு பதினொரு மணி வரை இதைப் பற்றி வாதிட்டிருக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயபோதனை கூடாது என்கிறது. சரியான விதி. ஆனால் போதனை வேறு, ஆராய்ச்சி வேறு. குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் பற்றிய ஆய்வுக்குப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே இடம் தந்ததை எதிர்த்து வந்த பஞ்சாப் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், 1971-இல் உச்சநீதிமன்றம் அத்தகைய ஆய்வு சமயபோதனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. 2002-இல் அருணா ராய் வழக்கிலும் சமயங்களைப் பற்றி அறிவதற்கும் ஒரு சமயத்தைப் போதிப்பதற்கும் உள்ள வேறுபாடு எடுத்துரைக்கப்பட்டது. திருவாசகத்தையும் தேம்பாவணியையும் நாம் தமிழ்ப் பாடமாகப் படிக்கவில்லையா? தேம்பாவணியைப் படித்தவர்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலா இருக்கிறார்கள்?

இரண்டாவது மறுப்பு, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பது. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மலையில் பூச்சி விழுந்த காப்பிச் செடிக்கு மருந்தடிக்கக் கடன் வாங்கிவிட்டு மகனைக் கல்லூரிக்கு அனுப்பும் தகப்பனின் கேள்வி அது. இந்தத் துணைப்பாடத்தால் நேராக ஒரு வேலை வரும் என்று நான் பொய் சொல்லத் தயாரில்லை. வரலாறு படித்தாலே வேலை வருகிறதா என்று திருப்பிக் கேட்கலாம். அது வீண் வாதம். ஒன்று மட்டும் சொல்வேன். நம் மாணவர்களில் பலர் நாளை வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ பிழைக்கப் போவார்கள். சிலர் வருவாய்த் துறையிலும் காவல் துறையிலும் சேர்வார்கள். எந்த ஊரில் அமர்ந்தாலும் வக்பு நிலம், தர்கா, சந்தனக்கூடு, மணவிலக்கு, வாரிசுரிமை என்று அவர்கள் மேசைக்கு வரும். அப்போது வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டு முடிவெடுப்பார்களா?

இது கற்பனைப் பயம் அன்று. 2025-இல் திருப்பரங்குன்றம் மலையைப் பற்றிய சர்ச்சை எழுந்தபோது, எங்கள் விடுதி இரண்டு பட்டது. கைபேசியில் வந்ததையெல்லாம் ஒருவன்மீது ஒருவன் எறிந்தோம். அம்மலையின் உரிமை பற்றி 1923-இல் மதுரையில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1931-இல் அத்தீர்ப்பு நிலைநிறுத்தப்பட்டது. நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேலே செல்லும் படிகள், உச்சியிலுள்ள பள்ளிவாசலும் கொடிமரமும் முஸ்லிம்களுக்கு. பயிரிடப்பட்ட நிலங்கள் நீங்கலாக ஏனைய மலைப்பகுதி கோயிலுக்கு என்பது அதன் சாரம். எங்களுள் ஒருவனுக்கும் இது தெரியாது. வரலாற்றுத் துறை மாணவர்கள் பதினொரு பேர் அந்த அறையில் இருந்தோம்! வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை நான் இங்கே எழுத வரவில்லை. தீர்ப்பைப் படித்துவிட்டுச் சண்டை போட்டிருந்தால் குரலாவது சற்றுத் தணிந்திருக்கும்.

அன்றிரவு எங்களோடு இருந்த முஸ்லிம் நண்பன் ஒரு சொல்லும் பேசாமல் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டான். கிரிக்கெட் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் "நீ எந்தப் பக்கமடா?" என்று அவனைக் கேட்பவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். விளையாட்டுக்குத்தான் கேட்டோம், அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அறிய மூன்றாண்டு ஆயிற்று. இந்தக் கட்டுரையின் கருத்தை முதலில் அவனிடம்தான் சொன்னேன். மகிழ்வான் என்று பார்த்தால், "எங்களை மேசையிலே படுக்கவச்சுத் தவளை மாதிரி அறுத்துப் பார்க்கப் போறீங்களாக்கும்" என்றான்.

மற்ற மறுப்புகளைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவன் சொல்வதில் நியாயம் உண்டு. கீழை நாடுகளை மேலை அறிஞர்கள் படித்த படிப்பில் ஆட்சி செய்யும் நோக்கம் எவ்வளவு கலந்திருந்தது என்று எட்வர்டு சயீத் 1978-இல் எழுதினார். கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய ஆய்வு நிலையத்தை 1952-இல் நிறுவிய வில்பிரட் கான்ட்வெல் சுமித், அதற்கு முன் லாகூரில் ஆசிரியராக இருந்தவர். தாம் கிறித்தவராக இருந்தும், ஆசிரியரிலும் மாணவரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எவரைப் பற்றிப் படிக்கிறோமோ அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படியில்லை, தவறு" என்று சொல்லக்கூடிய வகுப்பு! நண்பனிடம் இதைச் சொன்னேன். "நானும் உமறுப் புலவரைப் படிச்சதில்லையே" என்று முணுமுணுத்தான். நோன்புக் கஞ்சி குடிப்பதும் தெரியும், ஓதவும் தெரியும். சொந்த மொழியில் இப்படியொரு செல்வம் இருப்பது அவன் வீட்டிலும் பேசப்படவில்லை.

ஆசிரியர் முஸ்லிமாக இருந்தே தீர வேண்டுமா என்றும் சிலர் கேட்டார்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். சீறாப்புராணத்துக்கு உரை வகுத்த கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர், வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடையேறி வாதாடினார். நம் காலத்துக்கு அருகே, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்தவர் என்பதை அறியாதவர் உண்டோ? தமிழில் அறிவு அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. பாடத்தை அறிந்தவர் யாராயினும் நடத்தட்டும்.

ஆனால் இந்தப் பாடம் புகழ்மாலையாக ஆகிவிடக் கூடாது. (மாலை என்றாலே எனக்கு இப்போது பயம்.) பதினான்காம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தானகம் ஒன்று ஏறத்தாழ நாற்பதாண்டு இருந்தது. அங்கே வந்து தங்கிய இபின் பதூதா, சுல்தான் கியாசுதீனுக்குத் திருமண வழியில் உறவினர். மார்க்கச் சட்டம் கற்ற முஸ்லிம். அவரே, அந்தச் சுல்தான் கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை எழுதி, வெறுத்துக் கண்டித்திருக்கிறார். விசயநகரத்துக் கங்காதேவி பாடிய மதுரா விஜயமும் அந்த அழிவைப் பாடுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். அதேபோல் தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ஆகிய நாவல்களையும் பாடமாக வைக்க வேண்டும். தம் சமுதாயத்துப் பணக்காரத் திமிரையும் பெண்களை அடைத்துவைக்கும் சுவரையும் உள்ளேயிருந்து எழுதியவர்கள் அவர்கள். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்ற பிரிவுகளுக்குள் பெண் கொடுத்து வாங்குவதில் என்ன தயக்கம், ராவுத்தர்கள் ஹனபி முறையையும் மரைக்காயர்கள் ஷாபி முறையையும் பின்பற்றுவது எப்படி வந்தது என்றெல்லாம் தயங்காமல் கேட்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில் முதன்மைப் பாடத்தோடு 'மைனர்' என்று ஒன்றை எடுத்துப் படிக்க வழி சொல்லியிருக்கிறது. அக்கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. 'அல்லைடு' என்னும் துணைப்பாடம் நமக்குப் பழகியதுதானே? பெரிய செலவும் வேண்டாம். அரபு நாட்டில் தொடங்கிப் பாக்தாது, டெல்லி, ஜாவா வரை பரவிய வரலாறு ஒரு தாள். தமிழ் முஸ்லிம்களின் வரலாறும் இலக்கியமும் ஒரு தாள். மூன்றாவது, களப்பணி. அதுவே எனக்குப் பிடித்தது. திண்டுக்கல் கோட்டை ஐதர் அலியின் கையில் எப்படி வந்தது, 1755-இல் அவர் இங்கே பௌஜ்தாராக வந்ததால் ஊரில் என்ன மாறியது, பேகம்பூர்ப் பள்ளிவாசலைப் பற்றி அங்குள்ளோர் என்ன சொல்கிறார்கள், உத்தமபாளையத்தில் 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஒரு கல்லூரியை ஏன் நிறுவினார், மண்டிகளின் பழைய கணக்கேடுகளில் எந்த மலைக் கிராமத்துப் பெயர்கள் வருகின்றன என்று மாணவர்கள் கேட்டு எழுதி வரட்டும். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் சற்றுக் குறைவாக (2011 கணக்கெடுப்பில் 5.86) இருக்கும் ஒரு சமுதாயம், நம் மாநிலத்தின் பேச்சிலும் வணிகத்திலும் உணவிலும் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் கொண்டுவரும் குறிப்பேடே பாடநூலாகும்.

ராவுத்தரின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அழைப்பு வந்தது. இம்முறை தந்தையும் நானும் போனோம், வெறுங்கையோடு. அவர் மகன் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். ஜனாஸாத் தொழுகையில் ஏன் குனிவதில்லை என்று அவரைக் கேட்டுவிட்டேன். "அது மையித்துக்காக ஆண்டவன்கிட்டே கேக்குற துஆ தம்பி. முன்னாலே மையித்து இருக்கையிலே குனிஞ்சா அதைக் கும்பிடுற மாதிரி ஆயிரும்னு எங்க அத்தா சொல்வாக" என்றார். அது அவர் சொன்ன விளக்கம். நூல்கள் வேறு விளக்கமும் சொல்லக்கூடும். தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவதற்குத்தான் வழியில்லை. நம் கல்லூரி நூலகத்தில் சீறாப்புராணத்தின் இரண்டாம் தொகுதி இருக்கிறது. முதல் தொகுதி இல்லை; நான் படித்தது ஊர் நூலகத்துப் படி. உவைஸின் இலக்கிய வரலாற்றில் ஒரு தொகுதிகூட இல்லை. பாடம் வைப்பதற்குப் பல்கலைக்கழக அனுமதி, கல்விக்குழு, அரசாணை என்று காலமாகும். புத்தகம் வாங்குவதற்கு முதல்வர் அவர்களின் கையெழுத்து ஒன்று போதும். விண்ணப்பம் எழுதி, என் கையெழுத்தும் நண்பன் கையெழுத்தும் இட்டு, நூலகர் ஐயாவின் மேசையில் வைத்திருக்கிறோம். மற்ற மாணவ நண்பர்கள் கையெழுத்திட அதில் இன்னும் இடம் இருக்கிறது.